மழைமறைவு மலையில் ஓர் அருவி

(பயணக் கட்டுரை)

நுழையும் முன்

கொச்சியில் வாழும் பிள்ளைகளுக்கு நீர் புதிய காட்சி அன்று. பிராட்வேக் கடைத்தெருவை விட்டு மேற்கே சிறிது தொலைவு நடந்தால் காயல். அதன் மறுபுறம் மட்டாஞ்சேரி. அதற்கும் அப்பால் கடல். ஆயினும் இங்கு நாம் காண்பது சமநிலத்தில் பரந்து கிடக்கும் நீர். பாறைமேல் விழுந்து சிதறும் மலைநீரை நம்மில் பலர் படத்தில் மட்டுமே கண்டிருப்போம்.

கேரளத்தில் ஓடும் ஆறுகள் 44. அவற்றுள் 41 ஆறுகள் மேற்கே ஓடிக் காயலிலும் அரபிக்கடலிலும் கலக்கின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டும் கிழக்கு நோக்கிப் பாய்கின்றன. அவற்றுள் பாம்பாற்றின் அருவி ஒன்றைக் காண மாணவர் சிலர் மேற்கொண்ட மலைநடையை இக்கட்டுரை கூறுகிறது.

படிக்கும்போது மூன்று வினாக்களை நினைவில் கொள்க. மழை குறைந்த மலையில் அருவிக்கு நீர் எங்கிருந்து வருகிறது? வெயிலில் மலை ஏறுவோர் தம்மை எவ்வாறு காத்துக்கொள்வது? அருவியில் விழுந்த நீர் பிறகு எங்கே செல்கிறது?

1. ஆயத்தம்

தமிழ் பயிலும் மாணவர் பதினால்வர்; ஆசிரியர் மூவர். இடுக்கி மாவட்டத்தின் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கும் தூவானம் அருவிக்குச் செல்வதென்று முடிவாயிற்று. காலம் கோடையின் தொடக்கம். அந்தக் காட்டுக்குள் விரும்பியவர் விரும்பியபடி நடக்க இயலாது. வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவருடன்தான் செல்லவேண்டும்.

பயணத்துக்கு வேண்டிய பொருள்கள் பிராட்வேயில் வாங்கப்பட்டன. பிராட்வே என்னும் ஆங்கிலப் பெயருக்கு அகன்ற தெரு என்பது பொருள். இன்று மாலை வேளையில் அத்தெருவில் இருவர் கைகோத்து நடப்பதும் அரிது. அங்குக் கிடைக்காத பொருளும் அரிது. அகன்ற விளிம்புள்ள துணித்தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர் கொள்ளும் பாட்டில்கள், தோளில் மாட்டும் பை, முழுக்கைப் பருத்திச் சட்டை, வழுக்காத அடிப்பாகம் கொண்ட காலணி ஆகியவை பட்டியலில் இருந்தன. பளிச்சிடும் நிறமுள்ள உடை வேண்டா என்பது காட்டு நடைக்குரிய விதி. மாணவர் சிலரின் தந்தையர் அத்தெருவின் கடைகளிலேயே பணிபுரிகின்றனர். ஆதலால் பேரம் பேசும் பொறுப்பைப் பிள்ளைகளே ஏற்றுக்கொண்டனர்.

கொச்சியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நேரியமங்கலத்தில் பெரியாற்றின்மேல் 1935-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வளைவுப் பாலத்தைக் கடந்ததும் மலைச்சாலை தொடங்குகிறது. மூணாற்றிலிருந்து இன்னும் 40 கிலோமீட்டர் சென்றால் மறையூர். சந்தனக் காட்டுக்கும் கரும்பு வெல்லத்துக்கும் பெயர்பெற்ற அவ்வூரில் முதல்நாள் இரவு தங்கினோம். மறையூர் வெல்லம் 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

2. மழை நின்ற இடம்

மறுநாட் காலையில் மறையூரை விட்டுப் புறப்பட்டபோது மாணவர் ஒரு மாற்றத்தைக் கண்டனர். முந்தைய நாள் மூணாற்றில் சாலையின் இருபுறமும் தேயிலைப் பசுமை, காற்றில் ஈரம். இங்கோ கள்ளியும் முட்புதரும் இலையுதிர்த்த மரங்களும் நின்றன. மண் செம்மையாய் உலர்ந்திருந்தது. ஒரே மலைத்தொடரில் இத்துணை வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் அக்காற்று மேலே எழுகிறது. எழும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் தன் ஈரம் முழுவதையும் தாங்க இயலாது. எனவே மலையின் மேற்குச் சரிவில் மழை கொட்டுகிறது. மலைமுடியைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. இறங்க இறங்க அது சூடாகிறது. இவ்வாறு மலையின் மறைவில் மழை குன்றிப்போகும் நிலத்தை மழைமறைவுப் பகுதி என்பர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது. அதன் கிழக்கிலும் வடகிழக்கிலும் இறங்கும் மலைகளின் மறைவில் சின்னாறு கிடக்கிறது. இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை.

ஐந்திணை பற்றி நீங்கள் படித்திருக்கிறீர்கள். மலை குறிஞ்சி, காடு முல்லை. பாலை என்பது தனியான நிலம் அன்று. குறிஞ்சியும் முல்லையும் வெயிலால் தம் இயல்பு திரிந்தபோது பாலை என்னும் வடிவு கொள்ளும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. மூணாற்றிலிருந்து சின்னாறு வரை பேருந்தில் வந்த மாணவர் அவ்விளக்கத்தைச் சன்னல் வழியே கண்டனர்.

3. முதுவர்

ஆலாம்பெட்டியில் எங்கள் வழிகாட்டி காத்திருந்தார். அறுபதை நெருங்கிய அகவை, மெலிந்த உடல், கையில் ஒரு கம்பு. அவர் முதுவர் குடியைச் சேர்ந்தவர். முதுவரும் மலைப்புலையரும் இச்சரணாலயத்துக்குள் சிற்றூர்கள் அமைத்து வாழும் பழங்குடிகள். கேழ்வரகு முதலிய தானியங்களைப் பயிரிடுவதும் தைலப்புல்லிலிருந்து எண்ணெய் வடிப்பதும் அவர்கள் அறிந்த தொழில்கள்.

"நீங்க எந்த ஊருப் பிள்ளைங்க?" என்று அவர் கேட்டார்.

"கொச்சி" என்றனர் சிலர். "எங்கள் சொந்த ஊர் மதுரை" என்றான் ஒருவன்.

பெரியவர் சிரித்தார். "அப்ப நாம ஒரே ஊரு. நாங்களும் மதுரையில இருந்து வந்தவங்கதான்."

முதுவரின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து மலையேறி வந்தனர் என்பது அம்மக்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. மதுரை மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து வந்தமையால் முதுவர் என்னும் பெயர் உண்டாயிற்று என்று சிலர் கூறுவர். குழந்தைகளை முதுகில் கட்டிச் சுமந்தமையே காரணம் என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், ஊரை விட்டுப் புறப்பட்டபோது தாம் எதைக் கைவிடவில்லை என்பதைத் தம் பெயரிலேயே வைத்திருக்கும் மக்கள் அவர்கள். அவர்கள் பேசும் மொழி தமிழோடு நெருங்கிய உறவுடையது.

புறப்படுமுன் பெரியவர் மூன்று கட்டளைகள் இட்டார். வரிசையாக நடக்கவேண்டும், அவருக்கு முன்னே எவரும் செல்லக்கூடாது. உரக்கப் பேசக்கூடாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவர் சொல்லும்போதெல்லாம் நீர் அருந்தவேண்டும். மூன்றாவது கட்டளையைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தனர்.

4. இறக்கம்

காலை 8 மணிக்கு நடை தொடங்கியது. ஒற்றையடிப் பாதை முட்காட்டினூடே வளைந்து இறங்கியது. இறங்கும் வழியாதலால் பிள்ளைகளின் கால்கள் விரைந்தன. கூழாங்கல்லில் வழுக்கி ஒருத்தி அமர்ந்துவிட்டாள், காயம் இல்லை. பக்கவாட்டில் பாதம் வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி இறங்குமாறு பெரியவர் காட்டிக்கொடுத்தார்.

வழியில் பழங்காலக் கற்றிட்டை ஒன்றைக் கண்டோம். நான்குபுறமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடி அமைத்த அறை அது. மறையூர்ப் பகுதியில் இவற்றை முனியறை என்பர். பெருங்கற்காலத்தில் இறந்தவர் நினைவாக எழுப்பப்பட்டவை இவை.

ஆற்றை நெருங்க நெருங்கக் காடு மாறியது. முள்மரங்கள் விலகி, மருதும் மாவும் நாவலும் அடர்ந்து நின்றன. ஆற்றோரத்தில் மட்டும் ஒரு நிழற்கோடு. அந்த நிழலில்தான் சாம்பல்நிற மலையணில் வாழ்கிறது. கிளைவிட்டுக் கிளை தாவும் அவ்வணிலுக்கு மரக்கூரை அறுபடாமல் இருக்கவேண்டும். ஆற்றோர மரங்களை வெட்டினால் அதன் வழியே அறுந்துபோகும். கேரளத்தில் அது காணப்படும் இடம் சின்னாறு. பெரியவர் கையால் காட்டிய திசையில் நீண்ட சாம்பல்நிற வால் ஒன்று அசைந்தது. பாதிப் பேர் கண்டனர். மீதிப் பேர் கண்டதாகக் கூறினர்.

5. தீயின் நினைவு

ஓரிடத்தில் காட்டின் குறுக்கே அகன்ற கோடுபோலப் புல் அகற்றப்பட்டிருந்தது. "இது எதற்கு ஐயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தீக்கோடு. அந்தப் பக்கம் நெருப்புப் பிடிச்சா இந்தப் பக்கம் தாண்டக்கூடாதுன்னு வெட்டிப் போட்டது" என்றார் பெரியவர்.

உலர்ந்த புல் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். மலைச்சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைந்து ஏறும். ஏனெனில் கீழே எரியும் நெருப்பின் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்ற குழுவினர் இத்தகைய தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளைஞர்கள். குரங்கணியும் இதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இருப்பதே. அத்துயரத்துக்குப் பின் மலையேற்றத்தை முறைப்படுத்தத் தமிழ்நாடு அரசு விதிகளை வகுத்தது.

அனுமதி, வழிகாட்டி, குறித்த பாதை என்பனவெல்லாம் வீண் கெடுபிடிகள் என்று எண்ணுவோர் உண்டு. காடு எப்போது உலர்ந்திருக்கிறது, யானை எங்கே நிற்கிறது, எந்த வழி மூடப்பட்டுள்ளது என்பதை நாள்தோறும் அறிந்தவர் அங்கு வாழ்பவர். அவருடைய அறிவைத் துணைகொள்வதற்கான வழியே அவ்விதிகள்.

6. தூவானம்

அருவியைக் காணுமுன் அதன் ஒலியைக் கேட்டோம். பிறகு முகத்தில் ஈரம் பட்டது. மழை இல்லை, முகில் இல்லை, ஆயினும் மெல்லிய துளிகள் காற்றில் மிதந்து வந்தன. மரங்களைக் கடந்ததும் பாறைமுகட்டிலிருந்து வெண்ணிறமாக விழும் பாம்பாறு எதிரே நின்றது.

தூவானம் என்பது காற்றில் சிதறிவரும் நுண்துளி. 'மழை விட்டும் தூவானம் விடவில்லை' என்னும் பழமொழியை நீங்கள் கேட்டிருக்கலாம். அருவியின் அடியில் நிற்பவர்மேல் எந்நேரமும் படரும் நீர்த்துளியே அவ்வருவிக்குப் பெயராயிற்று. இப்பெயர் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது.

அப்போது ஒருவன் நல்ல வினா ஒன்றைக் கேட்டான்: "இங்கே மழையே குறைவு என்றீர்கள். இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது?"

இங்கே விழும் நீர் இங்கே பெய்த மழை அன்று. ஆனைமுடியைச் சூழ்ந்த உயர்மலைகளில் பெய்த மழை அது. அம்மலைகளின் மேற்பரப்பில் புல்வெளிகள் விரிந்துள்ளன. பள்ளத்தாக்குகளில் சோலைக்காடுகள் செறிந்துள்ளன. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு மேயும் இரவிகுளம் தேசியப் பூங்காவும் அங்கேதான் இருக்கிறது. அங்குப் பெய்யும் மழை உடனே ஓடிவிடுவதில்லை. புல்லின் வேரும் சோலையின் மட்கிய இலைப்படுகையும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த திங்கள்களிலும் ஊற்றாகச் சிறிது சிறிதாக விடுகின்றன. அதனாலேயே கோடைத் தொடக்கத்திலும் பாம்பாறு வற்றாமல் ஓடுகிறது. மேலே உள்ள சோலை அழிந்தால் கீழே உள்ள அருவி மழைக்காலத்தில் வெள்ளமாகும். கோடையில் வெறும் பாறையாகும்.

பெரியவர் காட்டிய ஆழமற்ற ஓரிடத்தில் மட்டும் கால் நனைத்தோம். அருவியின் நேர் அடியில் கயம் உண்டு. பாசி படர்ந்த பாறைகள் உண்டு. மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே திடீரென்று நீர் உயரும். நீரின் நிறம் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிகுந்து மிதந்து வந்தாலோ, உடனே கரையேற வேண்டும் என்றார்.

7. ஏற்றம்

11 மணிக்குத் திரும்பினோம். காலையில் எளிதாக இறங்கிய வழி இப்போது ஏற்றமாயிற்று, நிழல் சுருங்கிற்று, பாறைகள் சூடேறின. கீழிறங்கும் மலைநடையில் இதனை மறத்தல் ஆகாது. இறங்கும்போது உடல் புதிது, வெயில் இளையது. ஏறும்போது உடல் களைத்தது, வெயில் முற்றியது.

காலையிலிருந்து எல்லாருக்கும் முன்னே நடந்த மாணவன் ஒருவன் பாதி ஏற்றத்தில் பின்தங்கினான். பிறகு ஒரு பாறையில் அமர்ந்தான். கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொண்டது. தலை சுற்றுகிறது என்றான். பெரியவர் அவன் பையைத் திறந்து பாட்டில்களை எடுத்துப் பார்த்தார். ஒன்று முழுவதும் நிறைந்திருந்தது. மற்றொன்றில் இரண்டு மிடறே குறைந்திருந்தது.

"ஏன் தம்பி குடிக்கலே?"

"கடைசியில் தேவைப்படும் என்று வைத்திருந்தேன்."

"பாட்டில்ல கிடக்கிற தண்ணி பாட்டிலுக்குத்தான் ஆகும். வயித்துக்குப் போன தண்ணிதான் காலுக்கு ஆகும்" என்றார் பெரியவர்.

உழைக்கும் உடல் சூடாகிறது. வியர்வை தோலின்மேல் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. நீர் குறைந்தால் வியர்வை குறையும், குருதியோட்டம் தளரும், தலை சுற்றும். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் நீரை மட்டும் ஈடுசெய்தல் போதாது.

அவனை ஓர் உசில மரத்தின் நிழலில் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைத்தோம். சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, நெற்றியிலும் கழுத்திலும் ஈரத்துணி இட்டோம். சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தோம். அரைமணி நேரத்தில் அவன் எழுந்து அமர்ந்தான். "முன்பே தலை வலித்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று இருந்துவிட்டேன்" என்றான். எவரும் சிரிக்கவில்லை.

பெரியவர் அவன் பையைத் தம் முதுகில் மாட்டிக்கொண்டார். வரிசையையும் மாற்றினார். மெல்ல நடப்பவர் முன்னே, வலியவர் பின்னே. முன்னே செல்பவரின் நடையே கூட்டத்தின் நடை. அதன்பின் ஒருவரும் பின்தங்கவில்லை. ஒரு மணி கடந்தபோது அனைவரும் சாலையை அடைந்தோம்.

8. எல்லை அறியா ஆறு

அருவிக் கரையில் நடந்த ஒன்றை இங்கே கூறவேண்டும். "இந்தத் தண்ணீர் எங்கே போகும் ஐயா?" என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பெரியவரிடம் கேட்டாள். அவர் கம்பை நீட்டி வடகிழக்கே காட்டினார்.

பாம்பாறு கீழே சென்று கூட்டாறு என்னும் இடத்தில் சின்னாற்றுடன் சேர்கிறது. அதன்பின் அது தமிழ்நாட்டுக்குள் புகுந்து அமராவதி ஆகிறது. உடுமலைப்பேட்டை அருகே 1957-ஆம் ஆண்டு கட்டிமுடிக்கப்பட்ட அமராவதி அணையில் தங்கி, திருப்பூர், கரூர் மாவட்டங்களின் வயல்களுக்குப் பாய்கிறது. தாராபுரத்தையும் கரூரையும் கடந்து, திருமுக்கூடலூர் அருகே காவிரியில் கலக்கிறது. சங்கப் பாடல்கள் கூறும் ஆன்பொருநை இதுவே என்பர் அறிஞர் பலர்.

"எங்கள் அம்மாயி ஊர் தாராபுரம்" என்றாள் அம்மாணவி. அவள் பிறந்தது கொச்சியில்; ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பாட்டி ஊருக்குச் செல்பவள். அவள் குனிந்து நீருக்குள் கையை வைத்துச் சிறிது நேரம் அப்படியே இருந்தாள். பிறகு, "நமக்கு முன்னால் இது போய்விடும்" என்றாள்.

கேரளத்து மழை தமிழ்நாட்டு வயலில் நெல்லாகிறது. ஓரிடத்தில் பெய்து வேறிடத்தில் பயன்படுவது நீருக்கு இயல்பு. வழியெங்கும் பெயர் மாறினாலும் அது அதே நீர். தமிழகத்திலிருந்து வந்து கொச்சியின் கடைகளிலும் அலுவலகங்களிலும் உழைப்போரின் பிள்ளைகள், தாம் எந்த ஊரார் என்று வினவப்படும்போது சில வேளை தயங்குவர். பாம்பாறு, அமராவதி என்னும் பெயர்கள் இரண்டும் ஓர் ஆற்றுக்கு உரியவை. இரண்டில் ஒன்றும் பொய் அன்று.

சொற்பொருள்

அகவை – வயது
கயம் – ஆழமான நீர்நிலை
மட்கிய – மக்கிப்போன
மிடறு – ஒருமுறை விழுங்கும் அளவு
முகடு – உச்சி
குருதி – இரத்தம்
திங்கள் – மாதம்
திரிதல் – மாறுபடுதல்
அம்மாயி – தாயின் தாய் (கொங்கு வழக்கு)

தெரிந்து கொள்க

வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல்: காய்ச்சி ஆறவைத்த நீர் ஒரு லிட்டர், சர்க்கரை, தேக்கரண்டியில் தலைதட்டி 6, உப்பு, தலைதட்டி அரைத் தேக்கரண்டி. நன்கு கலக்கிச் சிறிது சிறிதாகப் பருகுக. உப்பின் அளவைக் கூட்டுதல் கூடாது. நடையின்போது உப்பிட்ட நீர்மோரும் ஏற்றது; கேரளத்தில் இதனைச் சம்பாரம் என்பர்.

உடல் மிகக் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். உடலை நீரால் குளிர்வித்தபடி உடனே மருத்துவ உதவி பெறுக. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது.

மொழியை அறிவோம்

அ. தமிழும் மலையாளமும்

மலையாளத்தில் அருவியை 'வெள்ளச்சாட்டம்' என்பர். அங்கு 'வெள்ளம்' என்பது நீரைக் குறிக்கும். தமிழில் அது நீர்ப்பெருக்கைக் குறிக்கும். 'தோடு' மலையாளத்தில் சிற்றோடை, தமிழில் காதணி. 'புழை' மலையாளத்தில் ஆறு, தமிழில் துளை. 'கயம்' என்னும் பழந்தமிழ்ச் சொல் இன்று தமிழ்ப் பேச்சில் அருகிவிட்டது. மலையாளப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. சங்க இலக்கியத்தில் வழங்கும் சொல் 'அருவி'. 'நீர்வீழ்ச்சி' பிற்காலத்தில் எழுந்தது.

ஆ. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

'வற்றாத அருவி' என்பதில் 'வற்றாத' எதிர்மறைப் பெயரெச்சம். அதன் இறுதியிலுள்ள 'த' கெட்டு 'வற்றா அருவி' என வருவது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வல்லெழுத்தில் தொடங்கும் சொல் பின்னே வந்தால் ஒற்று மிகும்: ஓயாப் பயணம், அழியாக் காடு.

பயிற்சிகள்

I. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.

1. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறு: (அ) பெரியாறு (ஆ) பாம்பாறு (இ) பாரதப்புழை (ஈ) பம்பை
2. பாம்பாறும் சின்னாறும் சேருமிடம்: (அ) மறையூர் (ஆ) தாராபுரம் (இ) கூட்டாறு (ஈ) கரூர்
3. 'எல்லை அறியா ஆறு' என்பதில் 'அறியா' என்பது: (அ) வினைமுற்று (ஆ) வினையெச்சம் (இ) ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் (ஈ) வினைத்தொகை

II. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. முதுவர் என்னும் பெயருக்குக் கூறப்படும் காரணங்கள் யாவை?
2. ஆற்றோர மரங்கள் அறுபடாமல் இருப்பது மலையணிலுக்கு ஏன் தேவை?
3. மலைச்சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து பரவுவது ஏன்?

III. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. மழைமறைவுப் பகுதி உருவாகும் முறையை விளக்குக.
2. நீர் வைத்திருந்தும் மாணவன் தளர்ந்தது ஏன்? பெரியவர் கூறிய விடையை உங்கள் சொற்களில் எழுதுக.
3. 'நமக்கு முன்னால் இது போய்விடும்' என்று மாணவி கூறியபோது அவள் மனத்தில் இருந்தது என்ன? நீங்கள் கருதுவதை எழுதுக.

IV. மாற்றி எழுதுக.

1. பெரியவரின் பேச்சு வழக்குத் தொடர்கள் மூன்றினை எழுத்து வழக்கில் எழுதுக.
2. ஓயாத ஒலி, மாறாத அன்பு, பேசாத கிளி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத் தொடர்களாக மாற்றுக.
3. 'மழை விட்டும் தூவானம் விடவில்லை' என்னும் பழமொழியை உங்கள் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியோடு பொருத்தி எழுதுக.

V. செயல்பாடு

உங்கள் தாய்வழி அல்லது தந்தைவழி ஊருக்கு அருகில் ஓடும் ஆறு எது? அது எந்த மலையில் தோன்றுகிறது, எந்த ஊர்களைக் கடக்கிறது, எங்கே கலக்கிறது என்பதை வீட்டிலுள்ள பெரியவரிடம் கேட்டு அறிக. வரைபடம் ஒன்றில் அவ்வாற்றை நீலக் கோட்டால் வரைக. உங்கள் குடும்பத்தார் அவ்வூரிலிருந்து கொச்சிக்கு வந்த வழியைச் சிவப்புக் கோட்டால் அதே படத்தில் வரைந்து, இரண்டு கோடுகளைப் பற்றியும் பத்துத் தொடர்கள் எழுதுக.